முருகைக்கல் தொட்டியும் வெண்புள்ளி நோயும்

கடலின் சிறு கூறொன்றை வீட்டினுள்ளே அமைத்துக் கண்டு மகிழும் கலை இன்று உலகின் பல நாடுகளிலும் பரவியிருக்கின்றது. நாலைந்து அடி நீளமான கண்ணாடித் தொட்டி, அதனுள்ளே உவர்நீர், நீரினுள்ளே முருகைக்கற்கள், கற்களின்மேல் உயிருள்ள முருகைகளும் கடற்சாமந்திகளும், இடையிடையே இறால்களும் நத்தைகளும், இவற்றுக்கெல்லாம் மேலாக, மஞ்சளும் நீலமும் செம்மஞ்சளுமாக நிறங்காட்டி நீந்தும் மீன்கள். நன்னீர்த் தொட்டியைப் பேணுவதிலும் பன்மடங்கு கடினமான கலை இது. இதனைப் பயிலுவோர் பெரிதும் அஞ்சும் நோயொன்று உண்டு. அதுவே வெண்புள்ளி நோய்.

நோய் தோன்றும் விதம் எளியது. ஒருநாட் காலையில் மீனின் செட்டைகளிலும் உடலிலும் உப்புத் தூவினாற்போலச் சில வெண்புள்ளிகள் காணப்படும். மீன் தன் உடலைக் கல்லிலும் மணலிலும் உராய்ந்துகொள்ளும். சில வேளைகளில் மூச்சு விரைவாக வாங்கும். தொட்டிக்குரியவர் கவலையுற்றுக் கடைக்கு ஓடி ஏதேனும் ஒரு மருந்தை வாங்கிவந்து விடுவார். மூன்று நான்கு நாட்களிற் புள்ளிகள் மறைந்துவிடும். மருந்து பலித்தது என்று அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால், ஓரிரு வாரம் கழிந்ததும் புள்ளிகள் மீண்டும் தோன்றும். முன்னர்ப் பத்துப் புள்ளிகள் இருந்த மீனில் இப்பொழுது நூறு புள்ளிகள் இருக்கும். முன்னர் ஒரு மீனிலே கண்டது இப்பொழுது எல்லா மீன்களிலும் காணப்படும். அடுத்த முறையில் மீன்கள் மடியத் தொடங்கும்.

புள்ளிகள் மறைந்தது மருந்தின் பயனன்று. அது நோயின் இயல்பு. இந்த ஓர் உண்மையை அறியாமையினாலேயே எண்ணிறந்த மீன்கள் மாண்டிருக்கின்றன. ஆதலால், சிகிச்சையைப் பற்றி ஆராயுமுன் நோயை உண்டாக்கும் உயிரின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இந்நோய்க்குக் காரணம் ஒரே கலத்தாலான நுண்ணிய ஒட்டுண்ணி. யப்பானிய அறிஞர் சிக்காமா 1937ஆம் ஆண்டிலே கடல்மீன்களின் வெண்புள்ளி நோய் பற்றி எழுதினார். 1951ஆம் ஆண்டில் பிறவுண் என்பார் இதற்குக் கிறிப்ரோக்கரியோன் இரிற்றன்ஸ் என்னும் பெயரைச் சூட்டினார். மறைந்த கருவையுடையது, எரிச்சல் ஊட்டுவது என்பது அப்பெயரின் பொருள். நியூயோர்க் நகரத்து மீன்காட்சிச்சாலையிலே இந்நோய் உண்டாக்கிய அழிவுகளை 1966ஆம் ஆண்டில் நிக்றெல்லி, றுஜியெறி என்னும் இருவர் விரிவாக எடுத்துரைத்தனர்.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. 1876ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்ட அந்நோயின் ஒட்டுண்ணி இக்தியோப்திரியஸ் எனப்படும். அப்பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டே மீன் வளர்ப்போர் இரு நோய்களையும் சுருக்கமாக ‘இக்’ என்று அழைக்கின்றனர். தோற்றத்திலும் வாழ்க்கை முறையிலும் இரண்டும் ஒத்திருப்பினும், இவை நெருங்கிய உறவுடையன அல்ல என்பது 2002ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்றினால் உறுதியாயிற்று. நன்னீர் மீனுக்குச் சொல்லப்பட்ட மருத்துவத்தை அப்படியே கடல்மீனுக்குச் செய்தல் தகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வொட்டுண்ணியின் வாழ்க்கை நான்கு பருவங்களைக் கொண்டது. முதலாவது, மீனின் உடலிலே உண்டு வளரும் பருவம். மீனின் தோலின் மேற்படையைத் துளைத்து அதன் கீழே தங்கி, மீனின் உடற்பொருளை உண்டு இது பருக்கின்றது. மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை இங்ஙனம் வாழ்ந்து, ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் வரை வளர்கின்றது. கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி இதுவே. தோலிலே தங்குவதிலும் பூக்களிலே தங்குவது கொடியது. பூக்கள் மீனின் மூச்சுறுப்புக்கள்; அவை சிதைந்தால் மீன் மூச்சுத் திணறி மாளும். உடலில் ஒரு புள்ளியேனும் இல்லாத மீன் திடீரென இறப்பதும் இதனாலேதான்.

இரண்டாவது பருவத்தில், முற்ற வளர்ந்த ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்குகின்றது. சில மணிநேரம் தொட்டியின் அடியில் ஊர்ந்து திரிந்து தக்கதோர் இடத்தைத் தேடிக்கொள்கின்றது. புள்ளிகள் மறையும் நாள் இந்த நாளே. மூன்றாவது பருவத்தில் அது கல்லிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி வலிய உறையொன்றை அமைத்துக்கொள்கின்றது. அவ்வுறைக்குள்ளே அது பிரிந்து பிரிந்து பெருகி இருநூறு வரையிலான குஞ்சுகளாகின்றது. நான்காவது பருவத்தில் உறை பிளந்து குஞ்சுகள் வெளிவந்து, பிசிர்களை அசைத்து நீந்தி மீனைத் தேடுகின்றன. இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. ஒன்றிரண்டு நாட்களுக்குள் மீனொன்றை அடையாவிடின் அவை அழிந்துவிடும். வெளிவந்த சில மணிநேரத்திற்குள்ளேயே மீனைத் தொற்றும் ஆற்றல் அவற்றிற்கு வெகுவாகக் குன்றிவிடும்.

இங்கு இரு செய்திகளை மனத்திற் பதித்தல் நன்று. உறைகள் எல்லாம் ஒரே நாளிற் பிளப்பதில்லை. சில மூன்றாம் நாளிலே பிளக்கும். பெரும்பாலானவை நான்கு வாரத்துக்குள் பிளந்துவிடும். எழுபத்திரண்டு நாள் வரை தாமதித்துப் பிளந்தவையும் உண்டு. மற்றச் செய்தி, குஞ்சுகள் வெளிவருவது பெரும்பாலும் இருளிலே என்பது. இங்கிலாந்திலே பேர்ஜெஸ், மத்தியூஸ் என்னும் ஆய்வாளர் மடவை மீன்களை வைத்து ஆராய்ந்து 1994ஆம் ஆண்டிலே இதனை விளக்கினர். மீன்கள் இரவிலே கல்லிடுக்கிலும் மணலருகிலும் அடங்கிக் கிடக்கும். உறைகள் ஒட்டியிருப்பதும் அவ்விடங்களிலேயே. உறங்கும் மீனின் பக்கத்திலே பகைவன் பிறக்கின்றான்.

விரிந்த கடலிலே இந்நோய் இவ்வளவு பேரழிவை ஏன் செய்வதில்லை? கடலிலே மீன் ஓரிடத்தில் ஒட்டுண்ணியை உதிர்த்துவிட்டு வேறிடம் சென்றுவிடுகின்றது. வெளிவரும் குஞ்சுகளை நீரோட்டம் அள்ளிச் சென்று சிதறடிக்கின்றது. இருநூற்றிலே ஒன்றிரண்டு மீனை அடைந்தாலே அதிகம். தொட்டியிலோ போக்கிடம் இல்லை. இருநூறு குஞ்சுகளில் பத்திலொரு பங்கு மாத்திரம் மீனை அடைவதாகக் கொள்வோமாயின், ஒன்று இருபதாகும். அடுத்த சுற்றில் இருபது நானூறாகும். அதற்கடுத்த சுற்றில் எண்ணாயிரம் ஆகும்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மீனின் தோலுக்குக் கீழே இருக்கும் ஒட்டுண்ணியை நீரிலிட்ட மருந்து எளிதில் அணுகாது. உறைக்குள் இருப்பதையும் அணுகாது. நீந்தித் திரியும் அக்குறுகிய பருவத்திலேதான் அது மருந்துக்கு வசப்படும். ஆகவே மருந்து எதுவாயினும், உறைகள் பிளந்து குஞ்சுகள் வெளிவரும் காலம் முழுவதும் நீரிலே குறையாத வலிமையோடு நிலைத்திருத்தல் வேண்டும். ஒருநாள் மருந்திட்டு மறுநாள் விடுவதாற் பயனில்லை. நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை அமிழ்த்தி எடுத்தாலும் தோலின் கீழுள்ளவை பிழைத்துக்கொள்ளும்.

இவ்வாறு நிலைத்து நிற்கும் மருந்துகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது செம்பு. ஒரு லீற்றர் நீரிலே கரைந்த செம்பு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்குமாயின் ஒட்டுண்ணிக் குஞ்சுகள் மடியும். பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். இதன் அருமையும் அபாயமும் அளவிலே இருக்கின்றன. நூறு லீற்றர் நீருக்கு வேண்டிய செம்பு இருபது மில்லிகிராமே. மயில்துத்தமாக இடின் எண்பது மில்லிகிராம் போதும். சற்றுக் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். சற்று மிகுந்தால் மீன் மடியும். ஆகவே செம்பின் அளவை இரண்டு மூன்று நாட்களிற் படிப்படியாக உயர்த்தி, நாளுக்கு இருமுறை சோதித்து, மூன்று முதல் ஆறு வாரம் வரை குறையாது வைத்திருத்தல் வேண்டும். வேறு பொருளோடு பிணைக்கப்பட்ட செம்பு மருந்துகள் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றின் அளவு வேறாதலால், அவற்றோடு வரும் குறிப்பையே பின்பற்றுதல் வேண்டும்.

இங்கேதான் முருகைக்கல் தொட்டியின் சிக்கல் எழுகின்றது. மீனைக் காக்கும் செம்பு, முருகைக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சாகும். முதுகெலும்பில்லாத அவ்வுயிர்கள் இந்த அளவைத் தாங்கா. அஃதன்றியும் முருகைக்கல்லும் முருகை மணலும் சுண்ணாம்புப் பொருளாலானவை. அவை நீரிலுள்ள செம்பை ஈர்த்துக்கொள்ளும். இட்ட மருந்து மீனுக்கு உதவாமற் போகும். ஒரே கிண்ணத்தில் ஒருவருக்கு அமுதும் மற்றவருக்கு நஞ்சும் ஊற்றுதல் இயலாது.

முருகைக்குத் தீங்கின்றி நோயைத் தீர்க்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் மருந்துகள் பல உண்டு. இறாலை வாழவிட்டு, இறாலிலும் வலிய உறையையுடைய ஒட்டுண்ணியை மாத்திரம் கொல்லும் பொருளை எளிதில் எதிர்பார்த்தல் ஆகாது. நோயின் இயல்பினாற் புள்ளிகள் மறையும்போது அந்தப் புகழை மருந்து அடைந்துகொள்கின்றது. உணவிலே வெள்ளைப்பூண்டு கலந்து கொடுப்போரும் உண்டு. மீன் விருப்போடு உண்ணுவதற்கு அது உதவக்கூடும். நோயை அது தீர்க்கும் என்பது நிலைநாட்டப்படவில்லை. மற்ற மீன்களின் உடலைத் துப்புரவு செய்யும் சிறுமீனை விடுவோரும் உளர். அவுஸ்திரேலியாவின் பெரிய முருகைக்கற்றொடரிலே ஆராய்ந்தபோது, அம்மீன் பெரும்பாலும் உண்பது கண்ணுக்குத் தெரியும் ஓட்டுயிர் ஒட்டுண்ணிகளையே என்று கண்டனர். தோலின் கீழே பதுங்கியிருப்பதை அது கொத்தி எடுக்க இயலாது.

நீரைச் சூடாக்குவதும் இத்தகையதே. மிகுந்த வெப்பத்திலே நன்னீர் ஒட்டுண்ணி தளர்வதுண்டு. கடல் ஒட்டுண்ணியோ முப்பது பாகையிலும் செழித்து வாழும். சூடு ஏறினால் அதன் வாழ்க்கைச் சுற்று விரைவடையும். நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். பூக்கள் சிதைந்த மீனுக்கு அதனால் துன்பமே மிகும். ஊதா கடந்த கதிர்களை வீசும் விளக்கினூடே நீரைச் செலுத்துவது ஓரளவு உதவும். ஆயின் அவ்விளக்கினூடே சென்ற குஞ்சுகள்தாம் மடியும். மீனின் பக்கத்திலே பிறந்து மீனையே அடைந்துவிடும் குஞ்சு விளக்கைக் காண்பதில்லை.

எனின், செய்யத்தக்கது யாது? மீனையும் முருகையையும் பிரித்தலே வழி. தொட்டியிலுள்ள மீன்களை, நோயுற்றவை நோயுறாதவை என்ற வேறுபாடின்றி, ஒன்று விடாமற் பிடித்து வேறொரு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். முருகைகளும் இறால்களும் கற்களும் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும். முருகையிலும் இறாலிலும் இவ்வொட்டுண்ணி உண்டு வாழ இயலாது. மீனற்ற தொட்டியில் உறைகள் ஒவ்வொன்றாகப் பிளக்கும், குஞ்சுகள் வெளிவந்து மீனைத் தேடும், காணாது மடியும். பகைவனைப் பட்டினியால் வெல்லும் முற்றுகை இது. இதற்கு ஆறு வாரமேனும் வேண்டும். எழுபத்திரண்டு நாள் தாமதித்த உறைகளும் உண்டாதலால், பதினொரு வாரம் பொறுப்பவரே அச்சமின்றி இருக்கலாம். ஒரு சிறு மீனைப் பிடிக்க இயலவில்லை என்று விட்டுவைத்தாலும் இம்முயற்சி முழுவதும் வீணாகும். கல்லைப் பெயர்த்தேனும் அதனைப் பிடித்தல் வேண்டும்.

மீன்களை மாற்றும் தொட்டி மருத்துவமனை போன்றது. அதில் மணலும் கல்லும் வேண்டா. மீன் ஒளிந்துகொள்ளச் சில பிளாஸ்ரிக் குழாய்த் துண்டுகள் போதும். நீரைத் துப்புரவாக்கும் பற்றீரியாக்கள் புதிய தொட்டியிலே போதிய அளவு இராமையால், மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா விரைவிலே பெருகும். நோயினால் மாளாத மீன் அமோனியாவினால் மாள்வது பலர் வீட்டிலும் நிகழ்வதாகும். ஆதலால், நாள்தோறும் அமோனியாவைச் சோதித்து நீரை மாற்றுதலும், காற்றை நன்கு செலுத்துதலும் இன்றியமையாதன.

இத்தொட்டியிலே மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்ளலாம். ஒன்று, மேற்கூறிய செம்பு. மற்றொன்று, நீரின் உப்பைக் குறைத்தல். இயல்பான கடல்நீரிலே லீற்றருக்கு முப்பத்தைந்து கிராம் அளவில் உப்பு உண்டு. அதனை இரண்டு மூன்று நாட்களிலே பதினைந்து கிராம் அளவுக்குக் குறைத்து, மூன்று நான்கு வாரம் அந்நிலையிலே வைத்திருந்தால், உறைகளுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிகள் சிதைந்து அழியும். எலும்புடைய மீன்களிற் பெரும்பாலானவை இதனைத் தாங்கும், முருகை தாங்காது. செம்பைப் போல மீனுக்கு நஞ்சாகாமை இதன் சிறப்பு. ஆனால் உப்பு ஒரு கிராம் இரண்டு கிராம் ஏறினாலும் பயன் கெடும். ஆதலால், திருத்தமான அளவுகருவி வேண்டும். சிகிச்சை முடிந்தபின் உப்பை ஏற்றுவது, குறைத்ததிலும் மெதுவாகவே நடைபெறல் வேண்டும். உவர்ப்புக் குறைந்த நீரிலும் வாழவல்ல ஒட்டுண்ணி வகைகள் தைவானிலே கண்டறியப்பட்டமையால், இம்முறையும் எக்காலும் தவறாது என்று கொள்ளுதல் ஆகாது.

மூன்றாவது வழிக்கு மருந்தே வேண்டியதில்லை. செங்கடற்கரையிலுள்ள எயிலாத் என்னும் ஊரிலே வளர்ப்பு மீன்களை ஆராய்ந்த கொலோர்ணி என்பார் 1980களில் இதனை எடுத்துக்காட்டினார். இதன் தத்துவம் எளிது. ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்குவது ஏழு நாளுக்குள். உறை பிளப்பதற்கோ மூன்று நாளேனும் செல்லும். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புதிய தொட்டிக்கும் புதிய நீருக்கும் மாற்றிவிட்டால், உதிர்ந்த ஒட்டுண்ணிகள் பழைய தொட்டியிலே நின்றுவிடும். குஞ்சுகள் பிறக்கும்போது மீன் அங்கே இராது. இங்ஙனம் நான்கு முறை மாற்றினால் மீன் தூய்மையடையும். இரண்டு தொட்டிகளே போதும். ஒன்றிலே மீன் இருக்கும்போது மற்றதைக் கழுவி நன்கு உலர்த்திவிடலாம். உலர்ந்தால் உறைகள் அழியும். பழைய நீர் புதிய தொட்டியிற் கலவாதவாறு பார்த்துக்கொள்ளுதலும், வலை, குழாய் முதலியவற்றையும் மாற்றுதலும் வேண்டும்.

எவ்வழியைக் கைக்கொள்ளுமுன்னும் நோயைச் சரியாக இனங்காணுதல் நன்று. வெண்புள்ளியிலும் நுண்ணிதாய், மாப்பொடி தூவினாற்போலத் தோன்றும் நோயொன்று உண்டு. அதனை வெல்வெற் நோய் என்பர். அது ஓரிரு நாளிலே கொல்லவல்லது. அதற்குச் செம்பு பயன்படும், உப்பைக் குறைத்தல் பயன்படாது. ஐயமுற்றவிடத்து, தோலைச் சுரண்டி எடுத்த சளியை நுணுக்குக்காட்டியிலே பார்ப்பதே தெளிவான வழி. உருண்டையான ஒட்டுண்ணி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கக் காண்பது வெண்புள்ளி நோயின் அடையாளமாகும்.

நோயிலிருந்து பிழைத்த மீன்கள் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெறுகின்றன. அது சில மாதங்கள் நிலைக்கும் என்று மடவை மீன்களிற் செய்த ஆய்வுகள் காட்டின. ஒன்றுஞ் செய்யாமலே தம் தொட்டியில் நோய் நீங்கிவிட்டது என்று சிலர் கூறுவதன் காரணம் இதுவே. ஆயின் அங்கே நோய் நீங்கவில்லை, அடங்கியிருக்கின்றது. இரண்டொரு ஒட்டுண்ணிகள் பூக்களிலே கண்ணிற்படாது வாழ்ந்துகொண்டிருக்கும். எதிர்ப்பாற்றலற்ற புதிய மீனொன்று வந்துசேரும் நாளிலே அவை பெருகும்.

ஆதலால், எல்லாச் சிகிச்சையிலும் மேலானது வருமுன் காத்தலாகும். வாங்கிய மீன் எத்துணை அழகாயினும் நலமாயினும், நான்கு முதல் ஆறு வாரம் அதனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தபின்னரே கூட்டத்திற் சேர்த்தல் வேண்டும். முருகையும் கல்லும் நோயுறா; ஆனால் அவற்றின்மேல் உறைகள் ஒட்டிவரக்கூடும். அவற்றையும் மீனற்ற தொட்டியிலே சில வாரம் வைத்தல் தகும். ஈரமான வலையை ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது.

இந்நோய் இலங்கையருக்கு அயலானது அன்று. அழகுக்காக வளர்க்கப்படும் கடல்மீன்கள் இந்நாட்டிலிருந்து பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகின்றன. இந்து சமுத்திரத்துக்கே சிறப்பாக உரிய நீலநிறச் சேர்ஜன் மீன், வெண்புள்ளி நோய்க்கு மிக எளிதில் இரையாவது எனப் பெயர்பெற்றது. முருகைக்கற் பாரிலே பாசியைக் கொறித்துத் திரிந்த அம்மீன், வலையிற் பிடிபட்டு, ஒட்சிசன் நிரப்பிய பையிலே அடைபட்டு, நெடுந்தூரம் பயணஞ்செய்து, இளைத்த உடலோடு அந்நிய தொட்டியை அடைகின்றது. நோய் பற்றுவதற்கு அதனினும் தக்க வேளை வேறில்லை. பிடிப்பவரும் களஞ்சியத்தில் வைத்திருப்பவரும் விற்பவரும் வாங்குபவரும் தத்தம் இடத்திலே சில வாரப் பொறுமையைக் கைக்கொண்டால், அவ்வழியிலே மடியும் மீன்களிற் பல பிழைத்திருக்கும். பாரிலிருந்து மீண்டும் மீண்டும் பிடிக்கவேண்டிய மீன்களின் தொகையும் அந்த அளவுக்குக் குறையும்.